கடைசி ரீலில் ஒரு காக்கை

மார்ச் 3, வியாழன்

வத்தக்குழம்பு கொதிக்கிற நேரத்தில் பாண்டுரங்கன் போன் செய்தான். நடிகை வதனாவின் மேனேஜர். பதினேழு வருடமாக அவளுடைய கால்ஷீட்டைப் பார்க்கிறவன், என்னை அவனாகக் கூப்பிட்டது மூன்று தடவை இருக்கும்.

"அம்மா, சந்தோஷ சமாச்சாரம். நம்ம 'அளத்துக்காரி' டெல்லிக்குப் போவுது. பரதபீடம் விருது. மேடத்துக்குத்தான் சிறந்த நடிகைன்னு பேசிக்கிறாங்க."

நம்ம படமாம். படத்தின் முடிவில் ஐந்து நிமிடத்துக்குப் பெயர்கள் ஓடுகின்றன. டீ கொடுத்தவர் பெயர் இருக்கிறது, லாரி ஓட்டியவர் பெயர் இருக்கிறது. ஹெலன் பொன்மணி என்ற பெயர் இல்லை. உப்பளத்தில் வேலை செய்யும் அந்தத் தாய் படம் முழுக்கப் பேசுகிற பேச்சு என் தொண்டையிலிருந்து வந்தது. அவள் வாயசைத்தாள், நான் பேசினேன். பத்தொன்பது வருடமாக இதுதான் எங்கள் பிழைப்பு.

"ஒரு சின்ன லெட்டர் வேணும்மா. நேர்ல வந்து சொல்றேன்," என்று வைத்துவிட்டான். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 4

உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்தேன். மழைக்காலத்திலிருந்தே தொண்டை சரியில்லை. பனிதான், வேறொன்றும் இல்லை.

மார்ச் 6, ஞாயிறு

கோயிலுக்குப் போய்வந்து இட்லி தின்னும்போது டி.வி.யில் வதனாவின் பேட்டி. வெள்ளைப் பருத்திப் புடவை, காதில் ஒரு சின்னப் பொட்டு. விருது வரப்போகிறது என்றால் எல்லோருக்கும் எளிமை வந்துவிடும்.

பேட்டி எடுத்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கடைசியில, செத்துக் கிடக்கிற மகன்கிட்ட 'ஏலே, எந்திலே, சோறு ஆறுது'ன்னு சொல்றீங்களே மேடம். அந்தக் குரல் எங்கேருந்து வந்துச்சு?"

வதனா தலையைக் குனிந்து சிரித்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்து இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

'ஏலே' என்று கூப்பிட அவளுக்கு என்ன தெரியும்? நான் பாளையங்கோட்டைக்காரி. அவள் ஆந்திராவில் விஜயநகரத்துக்காரி, பெற்றோர் வைத்த பெயர் பைடம்மா. பதினேழு வயதில் தாய்மாமன் கோடம்பாக்கத்துக்கு அழைத்துவந்தான், வந்த வாரமே வதனா ஆக்கிவிட்டார்கள். முதல் படத்தில் ஒரு வரி தமிழ் வராமல் கேமரா முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தெலுங்கில் எண்ணினாள். அந்த எண்களின் மேல் நான் காதல் வசனம் பேசினேன். 'பதிமூன்று பதினான்கு'க்கு 'உங்களைப் பிரிஞ்சு என்னால இருக்க முடியாது' சரியாக உட்கார்ந்தது. தமிழ்நாடே அந்த எண்களைக் காதலித்தது.

பிறகு எட்டு வருடம் அவள்தான் நம்பர் ஒன். மூன்று மொழி, இருபத்தாறு தமிழ்ப் படம். இருபத்தாறிலும் நான். முத்தக் காட்சி வந்தால் என் புறங்கையை நானே முத்தமிட்டுச் சத்தம் கொடுத்தேன். கெடுக்கிற காட்சி வந்தால் டப்பிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு ஆண்பிள்ளைகள் டீ குடித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் பயந்து கத்துங்கம்மா, பத்தல" என்பார்கள். கத்தினேன். ஊரெல்லாம் எச்சில் தெறித்த மைக், ஊர் வியர்வை நாறுகிற ஹெட்போன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு வாயைக் கழுவிய நாளும் உண்டு.

ஒரு தடவை மதுரையில் ஒரு கல்லூரி விழாவில் வதனா மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னாள். பையன்கள் ஊளையிட்டார்கள். "குரல் மாறிப் போச்சு, ஒரிஜினலைக் கூட்டிட்டு வா" என்று கத்தினார்களாம். அழுதுகொண்டே இறங்கினாளாம், அதற்கப்புறம் மேடையில் வாயைத் திறப்பதே இல்லை. அதைக் கேட்டபோது எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. என் டைரியிலேயே நான் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அப்புறம் கல்யாணம், விவாகரத்து, ஐந்து வருடம் படமே இல்லை. இப்போது தலையில் நரை பூசி, முகத்தில் உப்புக் காரை அப்பி இந்த 'அளத்துக்காரி'. பெரிய நடிப்பாம்.

"இட்லிய தின்னுட்டுத் திட்டு, ஹெலன். ஆறுது," என்றார் இவர். என் வீட்டுக்காரர் தேவசகாயம், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். 'ஆறுது' என்று அவர் சொன்னதும் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

மார்ச் 9, சாம்பல் புதன்

லெந்து என்கிற தவக்காலம் நாற்பது நாளும் கறியை மட்டும் விட்டால் போதாது, கோபத்தையும் விடுங்கள் என்றார் எங்கள் சர்ச் ஐயர். கறியை விட்டேன்.

சாயங்காலம் பாண்டுரங்கன் வந்தான். கையில் ஜிகினாத் தாள் சுற்றிய பழக்கூடை. எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் ஆப்பிளோடு வருகிறான் என்றால் காரியம் பெரிது. கழுத்துவரை பவுடர், அதன்மேல் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. பார்க்கவே அருவருப்பு.

காகிதத்தை நீட்டினான். 'அளத்துக்காரி திரைப்படத்தில் நான் எவருக்கும் பின்னணிக் குரல் கொடுக்கவில்லை.' கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. நடிக்கிறவர் முழுப் படத்திலும் சொந்தக் குரலில் பேசியிருந்தால்தான் பரதபீடத்தில் விருது. அதற்காகத்தான் முதலிலேயே என் பெயரைப் படத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். எவ்வளவு முன்யோசனை.

"நான் பேசலைன்னு நானே எழுதிக் குடுக்கணுமாக்கும்."

"நமக்குள்ள என்னம்மா இருக்கு. மேடம் ஜெயிச்சா நீங்க ஜெயிச்ச மாதிரி."

"அப்ப விருதை என் வீட்டு ஷோகேஸ்ல வைப்பீங்களா?"

அசட்டுத்தனமாகச் சிரித்தான். "மேடமே கேக்கச் சொன்னாங்க" என்றான். பழக்கூடையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். காகிதத்தை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கையெழுத்துப் போடமாட்டேன். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அந்தக் கடைசி வரியை நேரில் பேசிக் காட்டப்போகிறேன். பத்தொன்பது வருடத்துக்கும் சேர்த்து எனக்கு ஒரே ஒரு தடவை என் பெயர் வேண்டும். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 12

நாளைக்கு யாராவது கேட்டால் தடுமாறக்கூடாது, டப்பிங் விவரத்தை எழுதிவைக்கிறேன். டிசம்பரில் மூன்று நாள். பதினான்கு ரீல். முதல் இரண்டு நாளில் பதிமூன்று முடிந்தது. மூன்றாம் நாள் கடைசி ரீல். எனக்கு அன்று லேசாகத் தொண்டைக் கட்டு. நான்கு டேக் போனது. நான்காவது நன்றாகவே வந்தது. ஒலிப்பதிவாளர் ஜோதிலிங்கம், "போதும்மா, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனுஷர். நன்றாக வந்ததால்தானே போதும் என்றார்.

மார்ச் 15

பேசிக் காட்டுவதற்கு முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம் என்று காலைக் காட்சிக்குப் போனேன். இவரும் வந்தார். டிசம்பருக்குப் பிறகு அந்தக் காட்சியை நான் கேட்கவில்லை, ப்ரிவியூவுக்கு என்னை யார் கூப்பிட்டார்கள்?

தியேட்டரில் மூத்திர நாற்றம். முன் சீட்டில் ஒருவன் படம் முழுக்கப் பான்பராக் துப்பிக்கொண்டிருந்தான். அவன்கூடக் கடைசி ரீலில் துப்புவதை நிறுத்திவிட்டான். உப்பு வரப்பில் மகன் கிடக்கிறான். அவள் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள். அழவே இல்லை, வீட்டில் தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரல். பக்கத்தில் ஒரு பெண் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

என் குரல்தான். அந்த 'ஏலே'யில் கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடிப்பேன், அது என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. அப்படியே இருந்தது.

'சோறு' என்ற சொல்லின் மேல் ஒரு காக்கை கரைந்தது. ஜோதிலிங்கத்துக்குப் புத்தி கெட்டுவிட்டது. வசனத்தின் மேலேயா காக்கையைப் போடுவது?

மார்ச் 16

காக்கையைத் தனியாகப் போட்டிருந்தால் வசனத்துக்கு முன்னாலோ பின்னாலோதானே போட்டிருப்பார்.

மார்ச் 18

காது மூக்கு தொண்டை டாக்டர். குழாயை மூக்கு வழியாக விட்டு டி.வி.யில் காட்டினார். என் தொண்டையை நானே பார்த்தேன், சீ, சவ்வும் சளியுமாக ஒரு புழு மாதிரி. இதையா இத்தனை வருடம் ஊர் கொண்டாடியது? டாக்டர் என்னவோ சொன்னார். ஆறு மாதம் என்றார். இவர்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

மார்ச் 21

ஜோதிலிங்கத்தின் ஸ்டூடியோவுக்குப் போனேன். "அந்தக் காக்கையை எதுக்குப் போட்டீங்க?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர்கள் பொய் சொல்வதற்கு முன் எதையாவது துடைப்பார்கள்.

"மத்த காக்காயெல்லாம் நான் போட்டதும்மா. அந்த ஒண்ணு மட்டும் நெசம்."

"அப்படின்னா?"

"உக்காருங்க."

உட்காரவில்லை. படப்பிடிப்பில் நடிகர்கள் பேசுவதை எப்போதும் பதிவு செய்து வைப்பார்கள், பைலட் டிராக் என்று பெயர். டப்பிங் பேசுகிறவர்கள் கேட்டுப் பார்த்துக்கொள்வதற்கு மட்டும்தான் அது, அப்புறம் குப்பைக்குப் போகும். அதைப் போட்டார். உப்பளத்துக் காற்று இரைந்தது. தூரத்தில் லாரி. "ஏலே. எந்திலே. சோறு ஆறுது." காக்கை.

பிறகு என்னுடைய நான்காவது டேக்கைப் போட்டார். கரகரவென்று ஒரு கிழவி வசனம் ஒப்பித்தாள். ஒவ்வொரு சொல்லையும் தள்ளிக்கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது வரியில் நானே "நிறுத்துங்க" என்றேன்.

"காத்த வடிகட்டிட்டேன். காக்காய எடுத்தா 'சோறு' பிய்யுது. அதான் சுத்தி நாலு காக்காயப் போட்டு மறைச்சேன். டைரக்டருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். உங்க மனசு நோகும்னு சொல்லல."

"அவளுக்கு?"

"மேடத்துக்குத் தெரியாது. அவங்க குரல்னு சொன்னா அடுத்த நிமிஷம் எடுக்கச் சொல்லிடுவாங்க. அந்த மதுரை விஷயம் தெரியாதா உங்களுக்கு."

யாருடைய குரலைக் கேட்டு என் குரல் என்று நான் மார்தட்டினேன்? பெற்றவளுக்குத் தன் பிள்ளை அடையாளம் தெரியாமல் போன மாதிரி ஒரு கேவலம் உண்டா?

மார்ச் 22

ரசம் வைத்தேன். துணி துவைத்தேன்.

மார்ச் 26, சனி

வதனா வந்தாள். பாண்டுரங்கன் இல்லாமல், ஆட்டோவில், முக்காடு போட்டுக்கொண்டு. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக என் வீட்டுப் படி ஏறினாள். நேரில் பார்த்தால் மெலிந்த, களைத்த ஒரு பெண். உப்பில் வெடித்த குதிகால் இன்னும் ஆறவில்லை. இவர் பதறிப்போய்ச் சட்டையைத் தேடினார்.

"மன்னிச்சிருங்கக்கா. அந்த லெட்டர் விஷயம் எனக்கு நேத்துத்தான் தெரியும். நான் கேக்கச் சொல்லவே இல்ல. பேட்டியில வாயத் தொறந்து சொல்லிருக்கணும், பயந்துட்டேன்."

நான் அவள் சொன்னதைவிட அவள் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சை எங்கே விடுகிறாள், எங்கே பிடிக்கிறாள் என்று.

"தமிழ் நல்லா வந்துட்டே," என்றேன்.

"எல்லாம் உங்ககிட்ட படிச்சதுதானேக்கா. மதுரையில அந்த மாதிரி ஆனதுக்கப்புறம் நம்ம படத்தையெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டு, நீங்க பேசுறது மாதிரியே பேசிப் பாப்பேன். வீட்டுக்குள்ளதான். வெளியில பேசினா சிரிப்பாங்களே."

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"வர்ற சனிக்கிழமை பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டிருக்கேன். அந்தக் கடைசி சீன் உங்க குரல்னு எல்லார் முன்னாலயும் சொல்லப்போறேன். விருது போனாப் போவுது. எனக்கு அந்தக் குரலைக் கேக்கும்போதெல்லாம் கூசுதுக்கா. நான் என்ன நடிச்சேன், உங்க குரல்தான் அந்தப் பிள்ளைய எழுப்புச்சு."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். நான் காபி கலக்க உள்ளே போனேன்.

மார்ச் 27, ஞாயிறு

ஆறு நிமிடக் காட்சி. இருபத்தாறு படம் என்னுடையதை அவள் எடுத்துக்கொண்டாளே, ஆறு நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டால் என்ன? அவளாகத்தானே கொடுக்கிறாள், நானா கேட்டேன்? ஐயர் இன்று என்ன பிரசங்கித்தார் என்று நினைவில்லை.

ஏப்ரல் 2, சனி

வடபழனியில் ஒரு ஹோட்டல் ஹால். நாற்பது பேர், பாதிப்பேர் பஜ்ஜிக்கு வந்தவர்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். எழுதவே அசிங்கமாக இருக்கிறது, முந்தின நாளே எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

பத்து வருடத்துக்கும் மேலாக மேடையில் பேசாதவள் இன்று பேசினாள். "அளத்துக்காரி பேசினது இவங்க. ஹெலன் அக்கா. கடைசி சீன்ல நீங்க அழுதீங்கன்னா அது இவங்களுக்காகத்தான் அழுதீங்க." சால்வை போர்த்தினாள். என் காலைத் தொடக் குனிந்தாள். காமிராக்கள் பளிச் பளிச்சென்று அடித்தன. பத்தொன்பது வருடமாக நான் எதிர்பார்த்த கைதட்டல் இதுதான். நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிடத்துக்கு நன்றாகத்தான் இருந்தது.

அப்போது ஒரு நிருபர், "அம்மா, அந்த வரிய ஒரு தடவை சொல்லுங்களேன்" என்றார்.

நான் வேண்டிக்கொண்ட வாய்ப்பு. மைக்கைப் பிடித்தேன். சொன்னேன். "ஏலே. எந்திலே. சோறு ஆறுது."

ஜோதிலிங்கத்தின் அறையில் கேட்ட அதே கிழவி. கரகரவென்று தள்ளிக்கொண்டு வந்தாள். ஹால் எழுந்து நின்று கைதட்டியது. அதற்கும் தட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். என்ன காதுகள் அவை, எதைப் போட்டாலும் தின்னும் வாய் மாதிரி.

வதனா மட்டும் தட்டவில்லை. என் பக்கத்தில் நின்றவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் உதடு சத்தமில்லாமல் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கையை உயர்த்தி, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

அந்தக் கைதட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிச்சைத்தட்டில் விழுகிற காசுகூட அப்படிச் சத்தம் போடாது. வீட்டுக்கு வந்து சால்வையை மூட்டை கட்டிப் பரணில் எறிந்தேன். பல் தேய்த்தேன், இரண்டு தடவை.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் இவர்.

"பொய் சொல்லாதீங்க. நீங்களும் அந்தத் தியேட்டர்ல என்கூடத்தானே இருந்தீங்க."

அவர் செய்தித்தாளை மடித்தார். "அன்னைக்கே தெரியும், ஹெலன். முப்பது வருசமா ஒன் சத்தத்துலதானே இருக்கேன்."

ஏப்ரல் 4, திங்கள்

பாண்டுரங்கன் விட்டுப்போன காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, வேறு தாளில் பரதபீடத்துக்கு நானே எழுதினேன். 'பதிமூன்று ரீல்களில் பேசியது நான். பதினான்காவது ரீலில் பேசியது நடிகை வதனா. அதில் என் குரல் ஒரு சொல்கூட இல்லை. சனிக்கிழமை கூட்டத்தில் நான் உண்மையைச் சொல்லாமல் இருந்தது தவறு.' நகல் எடுத்துப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினேன். ரிஜிஸ்டர் தபால். தபால் ஆபீஸ் பசையைக் கையிலிருந்து தேய்த்துப் போக்க வெகுநேரம் ஆனது.

ஏப்ரல் 8

ஒரு பத்திரிகை போட்டிருக்கிறது: 'டப்பிங் கலைஞரின் நாடகம்.' என் படமும் வந்திருக்கிறது, சால்வையோடு. கேட்ட பெயர் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 22, பெரிய வெள்ளி

விருதை வேறொருத்திக்கு அறிவித்துவிட்டார்கள். முழுப் படமும் சொந்தக் குரலாக இருக்க வேண்டுமே, ஒரு ரீல் போதாது. அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

சர்ச்சில் மும்மணி ஆராதனை முடிந்து வந்து சோறு வடிக்கும்போது வதனா போன் செய்தாள்.

"எதுக்குக்கா எழுதினீங்க? ஹால்ல ஒருத்தருக்கும் தெரியலையே."

"ஒனக்குத் தெரிஞ்சுதுல்லா."

மெல்லக் கேட்டாள்: "அது நெசமாவே நான்தானாக்கா?"

"நீதான்."

"என் குரலா?"

"ஒன் குரல்தான்மா. நான் அன்னைக்குப் பேசினது ஆகாமப் போச்சு. ஒன்னோடதுதான் நின்னுச்சு."

அழுதாள். அழும்போதுகூட என்னைப் போலவே மூச்சைப் பிடிக்கிறாள், பாவி. கேட்டுக்கொண்டே நின்றேன். அடுத்த படத்துக்கு அவளே பேசப்போகிறாளாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார முடியுமா என்று கேட்டாள். டாக்டர் ஆறு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதை முதல்முறையாக அவளிடம்தான் சொன்னேன். "காது போதும்க்கா" என்றாள்.

காக்கைக்குச் சோறு வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. இன்று மொட்டைமாடிக் கட்டைச்சுவரில் ஒரு கைப்பிடி வைத்தேன். இவர் பார்த்தார். சோறு ஆறும்வரை ஒன்றும் வரவில்லை, அப்புறம் ஒன்று வந்தது.